எந்திரனின் ஆற்றல் எங்கிருந்து வந்தது?

ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும் என்பது இயற்பியலின் அடிப்படை விதி. அறிவியல் புனைவுத் திரைப்படங்களை இவ்விதியைக் கொண்டு எடைபோட்டுப் பார்ப்போம்.

இயக்குநர் ஷங்கரின் 'எந்திரன்' (2010) படத்தில் சிட்டி என்னும் எந்திர மனிதன் மின்கலத்தால் இயங்குகிறான். மின்னேற்றம் தீர்ந்தால் அவன் செயலற்றுப் போவான் எனக் கதையே ஒப்புக்கொள்வது பாராட்டத்தக்கது. அவனது வலிமை பொருந்துமா? ஒரு டன் எடையுள்ள மகிழுந்தை 10 மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ 98,000 ஜூல் ஆற்றல் வேண்டும். 12 வோல்ட், 45 ஆம்பியர்-மணி அளவுள்ள மகிழுந்து மின்கலத்தில் 19 இலட்சம் ஜூலுக்கு மேல் அடங்கியுள்ளது. எனவே ஆற்றல் போதும், திறன்தான் போதாது. ஒரே விநாடியில் தூக்க 98 கிலோவாட் தேவை. அம்மின்கலமோ சில கிலோவாட் மட்டுமே தரவல்லது. ஏரி நிறைந்திருந்தும் மதகு சிறிதாயின் நீர் மெல்லத்தானே பாயும்!

வேறு மூலம் உண்டா? பல்லாவரம் வழியே செல்லும் மின் தொடர்வண்டிப் பாதையின் மேற்கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. 4 ஆம்பியர் பெற்றாலே 100 கிலோவாட் கிட்டும். எனினும் மின்சுற்று முழுமையடையத் தண்டவாளத்தோடு இணைப்பு வேண்டும். அழுத்தத்தைக் குறைக்கக் கனத்த மின்மாற்றியும் வேண்டும். தொடர்வண்டி அதனைச் சுமந்து செல்கிறது. மனித உருவில் அஃது அடங்குவது அரிது.

'2.0' (2018) படத்திலோ, இறந்தவரின் உயிரொளியே பேராற்றலாகிறது. ஓய்விலிருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுவது உண்மை. ஆனால் அது உண்ட உணவிலிருந்து வருவது. உயிர் பிரிந்தபின் அவ்வூற்று நின்றுவிடும். ஆகவே 'எந்திரன்' அறிவியலை நீட்டிப் பார்க்கிறது, '2.0' அதனைக் கடந்து கற்பனைக்குள் புகுகிறது.

கற்பனையைக் கற்பனையாகச் சுவைப்பதில் குற்றமில்லை. எனினும் 1996இல் நீரும் மூலிகையும் சேர்ந்து பெட்ரோலாகும் என்ற செய்தியைத் தமிழகம் வியந்து நம்பியதை நாம் மறத்தலாகாது. ஆய்வில் அக்கூற்று நிலைபெறவில்லை. நீர் எரிந்து முடிந்த பொருள். அதனைக் கொதிக்க வைப்பதால் எரிபொருள் பிறவாது. திரையரங்கிலும் வெளியிலும், "இதற்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது?" என வினவும் பழக்கத்தை மாணவர்கள் கைக்கொள்வாராயின், ஏமாற்றுவோர்க்கு இங்கு இடமிராது.