தகுதியா, தயவா? – அமெரிக்கக் கால்பந்துப் புகழ் மண்டபத் தேர்வுகள் பற்றி ஒரு நோக்கு

(மூன்றாம் ஆண்டு, பி.ஏ. வரலாறு)

கால்பந்து என்றவுடன் மாலை வேளைகளில் நம் கல்லூரித் திடலில் உருளும் வட்டப் பந்தே எவருக்கும் நினைவுக்கு வரும். இக்கட்டுரை அதைப் பற்றியதன்று. அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது வேறோர் ஆட்டம். பந்து முட்டை வடிவினது. அதைக் காலால் உதைப்பதைக் காட்டிலும் கையால் எறிவதும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதுமே மிகுதி. பிறகு ஏன் அப்பெயர் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விடை இல்லை.

வரலாற்று வரைவியல் வகுப்பில், "ஒருவர் நினைக்கப்படுவதும் மறக்கப்படுவதும் யார் கையில் உள்ளது?" என்னும் வினாவுக்கு ஆளுக்கோர் எடுத்துக்காட்டுடன் வருமாறு எங்கள் பேராசிரியர் பணித்தார். நண்பர்கள் கல்வெட்டுகளையும் மெய்க்கீர்த்திகளையும் நாடினர். விளையாட்டுப் பித்துப் பிடித்த நான் ஒரு புகழ் மண்டபத்தை எடுத்துக்கொண்டேன். அவர் முதலில் புருவத்தை உயர்த்தினார். பின்னர், "சரி, சான்றோடு வா" என்றார்.

ஒஹையோ மாநிலத்தில் கான்டன் என்றொரு தொழில் நகரம் உண்டு. 1920 செப்டம்பர் 17-ஆம் நாள் அங்குள்ள ஒரு மோட்டார் கார் விற்பனைக் கூடத்தில் சில அணிகளின் உரிமையாளர்கள் கூடித் தொழில்முறைக் கால்பந்துச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். இன்றைய தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பிறப்பு அதுவே. அதன் நினைவாக 1963-இல் அவ்வூரிலேயே புகழ் மண்டபம் திறக்கப்பட்டது. தேர்வு பெறும் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு வெண்கல மார்பளவுச் சிலை வைக்கப்படுகிறது. முதல் ஆண்டில் 17 பேர் இடம்பெற்றனர்.

தேர்வு நடைபெறும் முறையைச் சிறிது காண்போம். வாக்களிப்போர் ஏறத்தாழ 50 பேர். அவர்களுள் பெரும்பாலோர் விளையாட்டுச் செய்தியாளர்கள். ஒவ்வோர் அணியின் ஊருக்கும் ஒரு செய்தியாளர் உண்டு. தம் ஊர் வீரரின் பெயர் இறுதிப் பட்டியலில் வந்தால், நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வாதாடுவதுபோல அவருக்காக எழுந்து பேசுவது அச்செய்தியாளரின் பொறுப்பு. வீரர் ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் கழிந்திருக்க வேண்டும். நூற்றுக்கு 80 வாக்குகள் பெற வேண்டும். இந்த 80 என்னும் எண்ணைச் சற்றே கவனியுங்கள். ஐம்பது பேர் கூடிய அவையில் பதினொருவர் தலையசைக்க மறுத்தால் போதும், வாசல் மூடிவிடும். மறுத்தவர் யார், எதற்காக மறுத்தார் என்பது வெளியே தெரிவதும் அரிது. ஐயம் முளைப்பதற்கு இதைவிட நல்ல நிலம் வேண்டுமா?

கிரீன் பே அணியின் ஜெரி கிரேமர் கதையைப் பார்ப்போம். அவர் ஆடிய 'கார்டு' என்னும் இடத்தில் நிற்பவர் பந்தைத் தொடுவதே இல்லை எனலாம். எதிரிகளை மோதித் தள்ளி, பந்தை ஏந்தி வருபவனுக்கு வழி திறந்துவிடுவதே அவர் வேலை. 1967 டிசம்பர் 31 அன்று, பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 25 பாகை செல்சியஸ் குளிரில் நடந்த இறுதிப் போட்டியில், ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது கிரேமர் பிளந்து கொடுத்த இடைவெளியில்தான் அவர் அணித்தலைவர் புகுந்து வென்றார். 1969-இல் கூட்டமைப்பின் ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி அறிவிக்கப்பட்ட தலைசிறந்த அணியில் கிரேமரும் இருந்தார். அப்படிப்பட்டவர் பத்துமுறை இறுதிப் பட்டியல்வரை வந்து திரும்பிப் போனார். 2018-இல் அழைப்பு வந்தபோது அவருக்கு வயது 82.

காரணமாகப் பலரும் கூறுவது இதுதான். வின்ஸ் லொம்பார்டி பயிற்றுவித்த அந்த அணியிலிருந்து பத்துக்கு மேற்பட்ட வீரர்கள் முன்பே மண்டபத்தில் ஏறிவிட்டனர், 'இன்னும் ஒருவரா?' என்ற சலிப்பு. பிட்ஸ்பர்க் அணியின் எல்.சி. கிரீன்வுட் நான்கு பட்டங்கள் வென்ற அணியில் ஆடியும், 2013-இல் இறக்கும்வரை அழைப்புப் பெறாததற்கும் இதே விளக்கம் சொல்லப்படுகிறது. நல்லவர்களோடு சேர்ந்து ஆடியதே குற்றமாகிவிடுகிறது!

இனி இதற்கு நேர்மாறான நிலை. சின்சினாட்டி அணியில் பதினைந்து பருவங்கள் ஆடிய கென் ரைலி, எதிரணியினர் எறிந்த பந்தை 65 முறை இடைமறித்துப் பிடித்தவர். 1983 பருவத்துடன் ஓய்வு பெற்றார், 2020-இல் இறந்தார், 2023-இல் தேர்வானார். சிலையைக் காண அவர் இல்லை. பெரிய நகரத்து அணியில் இதே 65-ஐ எடுத்திருந்தால் நாற்பதாண்டுகள் காத்திருப்பாரா என்று அவ்வூரார் கேட்பதில் நியாயம் உண்டு என்றே எனக்குப் படுகிறது.

ஆயினும் தடைபட்ட தேர்வு ஒவ்வொன்றையும் சூழ்ச்சி என்று கூறிவிட முடியாது. ஆண்டுதோறும் நுழைவோர் மிகச் சிலரே. 2025-இல் நால்வர் மட்டுமே. இடம் நான்கும் தகுதியுடையோர் பதினைவரும் என்றால் பதினொருவர் வருந்தத்தான் செய்வர். டெரல் ஓவன்ஸ் மூன்றாம் ஆண்டில்தான் தேர்வானார் என்பதற்காக 2018-இல் கான்டன் விழாவையே புறக்கணித்துத் தாம் படித்த பல்கலைக்கழகத்தில் தனி விழா எடுத்தார். அவர் சினம் புரிகிறது. ஆனால் மூன்றாண்டுத் தாமதத்தையும் இனிச் சொல்லப்போகும் தாமதத்தையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

1963-இல் நுழைந்த பதினெழுவருள் ஒருவர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல், வாஷிங்டன் அணியின் உரிமையாளர். ஆட்டத்தை மக்கள் விழாவாக்கியதில் அவர் பங்கு பெரிது; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1934 முதல் 1945 வரை அக்கூட்டமைப்பில் ஒரு கறுப்பின வீரர்கூட இடம்பெறவில்லை. 1946-இல் அத்தடை உடைந்த பின்னரும் மார்ஷல் தம் அணியின் கதவைப் பதினாறு ஆண்டுகள் பூட்டியே வைத்திருந்தார். புதிய விளையாட்டரங்கம் நடுவண் அரசின் நிலத்தில் இருந்தமையால், கென்னடி அமைச்சரவையின் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் உடால் நெருக்கிய பிறகே 1962-இல் கதவு திறந்தது. அதற்கு மறு ஆண்டே மார்ஷலுக்குச் சிலை!

அதே வேளையில் பிரிட்ஸ் பொலார்டு என்றொருவர் உயிரோடு இருந்தார். 1920-இல், அதாவது கூட்டமைப்பின் முதல் பருவத்திலேயே, பட்டம் வென்ற அக்ரன் அணியின் ஆட்டக்காரர். 1921-இல் அவ்வணியின் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார். அக்கூட்டமைப்பின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவரே. 1986-இல் தம் 92-ஆம் வயதில் மறைந்தார். மண்டபம் அவரை ஏற்றது 2005-இல். அவர் காலத்தவரான டியூக் ஸ்லேட்டர், ஆட்டம் விட்டபின் சிகாகோவில் நீதிபதியாக விளங்கியவர், 1966-இல் மறைந்தார். அவருக்கு 2020 வரை ஆயிற்று.

"பழைய காலத்து ஆட்டக்காரர், புள்ளிவிவரம் இல்லை, பார்த்தவரும் இல்லை" என்று வாக்காளர் சார்பில் ஒரு சமாதானம் கூறலாம். நானும் வகுப்பில் முதலில் அதையே கூறினேன். முறையான புள்ளிவிவரங்கள் 1932 முதலே தொகுக்கப்பட்டன என்பதும் உண்மை. பேராசிரியர் என்னை இடைமறித்து, "அப்படியானால் 1963 பட்டியலில் 1932-க்கு முன் ஆடியவர் யாருமே இல்லையா?" என்று கேட்டார். பட்டியலை மறுபடி பார்த்தேன். ஜிம் தார்ப் இருந்தார், பீட் ஹென்றி இருந்தார். இருவரும் பொலார்டு ஆடிய அதே இருபதுகளில் ஆடிப் புகழ்பெற்றவர்கள். தார்ப் பூர்வகுடி இனத்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அப்பதினெழுவருள் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. முதல்வராக எம்லன் டனல் நுழைந்தது 1967-இல். சிலருக்குக் கேட்கப்படாத சான்று வேறு சிலருக்கு மட்டும் கேட்கப்பட்டது. ஒருதலைச் சார்பு என்று நான் கூறுவது இதைத்தான். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் பொலார்டின் ஆட்டத்தில் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. மாறியது மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களே.

இதை எழுதும்போது என் நெஞ்சையே உறுத்திய ஒன்றையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். முன்பு நான் படித்த இடத்தில், ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரரைத் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழுவில் மாணவர் சார்பில் நானும் இருந்தேன். விடுதியில் என் பக்கத்து அறைக்காரனான கிரிக்கெட் வீரன் ஒருவன். நாள்தோறும் பேருந்தில் வந்து போகும் கபடி வீரன் ஒருவன். இரண்டாமவனின் ஆட்டத்தை நான் ஒருமுறையேனும் பார்த்ததில்லை. கையைத் தூக்கியது முதலாமவனுக்கு. மூன்றுக்கு இரண்டு என்று முடிந்தது. கபடி வீரன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல் ஐந்தரை மணிப் பேருந்துக்கு ஓடினான்.

இவ்வாண்டும் அத்தகைய குழு ஒன்றில் அமருமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். இரு நிபந்தனைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் போட்டியில் உள்ள எல்லாருடைய ஆட்டத்தையும் ஒருமுறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும். யாருக்கு, எதனால் வாக்களித்தோம் என்பதைக் கையொப்பமிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். முதலாவதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதற்கு இதுவரை பதில் இல்லை.