ஜவ்வரிசி சொன்ன பாடம்

"உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றைக்கூட நாம் பார்த்ததில்லையே!" என்று ஒருநாள் வகுப்பில் நாங்கள் குறைபட்டுக்கொண்டோம். அதைக் கேட்ட சிஸ்டர், "பள்ளி விழாவில் பாயசம் குடித்தீர்களே, அதிலிருந்த ஜவ்வரிசி எப்படி வந்தது?" என்று கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எங்களுள் ஒருத்திக்கு விடை தெரியும். அவளுடைய தாயார் சேகோ ஆலையில் வேலை செய்பவர். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு அவள் தலைகுனிந்திருந்தாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜவ்வரிசி அரிசியே அன்று. நம் சேலம், நாமக்கல் பகுதிகளில் விளையும் மரவள்ளிக் கிழங்கின் மாவு. இதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியா வந்தது. விதை வேண்டாம், ஒரு சாண் குச்சியை நட்டால் போதும், ஏறக்குறைய பத்து மாதத்தில் கிழங்கு தயார். குச்சிக்கிழங்கு என்று நம் ஊரார் அழைப்பது பொருத்தமே! இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டு மாவு வரத்துக் குறைந்தபோது, 1943 வாக்கில் சேலத்தில் இத்தொழில் தொடங்கியது. 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை சிஸ்டர் எங்களை ஓர் ஆலைக்கு அழைத்துச் சென்றார். கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி, நீர் விட்டு அரைத்து வடிகட்டுகிறார்கள். பால் போன்ற அந்நீர் தொட்டியில் தெளிய, மாவு அடியில் படிகிறது. ஈர மாவை உதிர்த்துக் குலுக்கினால், அச்சு எதுவுமின்றித் தானே உருண்டு மணியாகிறது! பின்பு சலித்து, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் காய வைக்கிறார்கள்.

இக்கிழங்கின் இலையிலும் தோலிலும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பசும் இலையை மேய்ந்த ஆடுமாடுகள் இறப்பதும் உண்டு. கழுவுவதும், தெளிய வைப்பதும், வறுப்பதும் அந்நஞ்சை நீக்கிவிடுகின்றன.

வெள்ளை மணி பாயசத்தில் கண்ணாடியாவது ஏன்? மாவிலுள்ள நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் மணி வெண்மையாகத் தெரிகிறது. கொதிநீரில் அத்துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிக் கட்டவிழ்கின்றன. அப்போது ஒளி ஊடுருவுகிறது.

கடைசியாகக் களத்திற்குச் சென்றோம். கண் கூசும் வெயிலில் பெண்கள் ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, "இன்னும் ஈரம் இருக்குது கண்ணு, மழை வந்தா அத்தனையும் பாழ்" என்றார். கருவி எதுவுமின்றி எப்படித் தெரிந்தது என்று நாங்கள் வியந்தபோது, "அவர் என் அம்மா" என்றாள் எங்கள் தோழி. இம்முறை அவள் தலைகுனியவில்லை. தலைகுனிந்தவர்கள் நாங்கள்தாம்.

அடுத்த வகுப்பில் ஜவ்வரிசிப் பாடத்தைக் கரும்பலகையில் படம் வரைந்து அவளே நடத்தினாள்.

அன்புத் தோழியரே! அதிசயத்தைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் தட்டில் உள்ளது எப்படி வந்தது, யார் கைபட்டு வந்தது என்று கேட்டுப் பழகுவோம். பாயசம் இன்னும் இனிக்கும்.