ஒலிபெருக்கிப் பெட்டியில் துளையிடுதலும் இணைப்புகள் பொருத்துதலும்

2022 முதல் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகின்றது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்போர் செவியிலும் வரவு செலவுக் கணக்கு விழ வேண்டுமாயின் ஒலிபெருக்கி இன்றியமையாதது. வாடகையை மிச்சப்படுத்தக் கருதிச் சில ஊர்களில் இளைஞர்கள் ஆம்பிளிபயரைத் தாமே அமைக்கின்றனர். பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் உள்ளிருக்கும் மின்சுற்றில் செலுத்தும் கவனத்தை வெளிப்பெட்டியில் செலுத்துவோர் சிலரே. 230 வோல்ட் மின்சாரம் நுழையும் உலோகப் பெட்டியில் நேரும் சிறு பிழையும் உயிரைப் பறிக்கக்கூடும். ஆதலின் அவ்வேலையின் முறையை ஈண்டு விளக்குவோம்.

இடம் குறித்தல்: பின்தகட்டின் ஒரு கோடியில் மின்சாரம் நுழையும் இடமும், மறுகோடியில் மைக் இணைப்பும், நடுவில் ஸ்பீக்கர் இணைப்பும் அமைதல் நன்று. மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் மிக மெலிந்தது. மின்சார வயர் அதனருகே சென்றால் 'உம்' என்னும் இரைச்சல் கலந்துவிடும்.

துளையிடுதல்: முதலில் மின்சுற்றுப் பலகையை வெளியே எடுத்துவிடுக, அதில் உலோகத் துகள் விழுந்தால் ஷார்ட் ஆகும். குறித்த இடத்தில் சென்டர் பஞ்ச் கொண்டு குழி பதித்தால் பிட் வழுக்காது. தகட்டின் அடியில் மரக்கட்டை வைத்து இறுகப் பிணைக்க வேண்டும்; கையால் பிடித்தால் தகடு சுழன்று விரலை அறுக்கும். தோளில் துண்டு வேண்டாம், கண்ணாடி அணிக. 3 மி.மீ. பிட்டால் துளைத்துப் படிப்படியாகப் பெரிதாக்குக. ஜாக்கின் கழுத்தை அளந்த பின்னரே இறுதி அளவை முடிவு செய்க. துளையின் கூரிய விளிம்பை அரத்தால் தேய்த்து மழுப்புக.

பொருத்துதல்: மின்சார வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இடுக, உள்ளே வயரைக் கிளிப்பால் இறுக்குக. பச்சை மஞ்சள் நிற எர்த் கம்பிக்குத் தனிப் போல்ட் வேண்டும். அவ்விடத்துப் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் இட்டு முடுக்குக. அக்கம்பி மற்ற இரண்டினும் சற்று நீளமாயிருந்தால், வயர் இழுபடினும் கடைசியில்தான் அறும். பியூஸ் பேஸ் கம்பியில் அமைதல் வேண்டும்.

ஸ்பீக்கர் வயருக்கு வீட்டு மின்சார டூபின் பிளக்கைப் பொருத்துதல் கூடாது. எவரேனும் அறியாது சுவர்ப் பிளக்கில் செருகிவிடுவர்.

மைக் ஜாக்கைப் பிளாஸ்டிக் வாஷர் இட்டுத் தகட்டினின்றும் பிரித்துப் பொருத்துக. மின்சுற்றின் தரைமுனை பெட்டியை ஓரிடத்தில் மட்டும் தொட வேண்டும். பல இடங்களில் தொட்டால் இரைச்சல் எழும். அவ்விரைச்சலை ஒழிக்க எர்த் கம்பியையே வெட்டிவிடுவோர் உளர். இரைச்சல் நிற்கும், பெட்டிக்கு இருந்த காப்பும் போய்விடும். பின்னொரு நாள் உள்ளே பேஸ் கம்பி தகட்டைத் தொடுமாயின், பெட்டியைத் தொடுபவர் உடல்வழியே மின்சாரம் பாயும். மைக்கின் உலோக உறையும் அவ்வாறே ஆபத்தாகலாம். ஆகவே இரைச்சலுக்கு மருந்து ஜாக்கைச் சரியாகப் பொருத்துதலே; எர்த்தை நீக்குதல் அன்று.

சோதனை: மின்சாரம் கொடுக்குமுன், சுவிட்சைப் போட்ட நிலையில் மல்டிமீட்டரால் பார்க்க. பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெட்டிக்கும் தொடர்பு இருத்தல் வேண்டும். மற்ற இரு பின்களுக்கும் பெட்டிக்கும் தொடர்பு இருத்தல் ஆகாது.

பிளக் பாயிண்டில் எர்த் இல்லையேல் பெட்டியின் எர்த் பயன்படாது. எனவே சமுதாயக் கூடத்தின் எர்த்தைத் தகுதி பெற்ற வயர்மேனைக் கொண்டு சோதிப்பித்தல் ஊராட்சி மன்ற உறுப்பினர்களின் கடமையாகும். அடுத்த கிராம சபைக்கு முன்னரே இதனைச் செய்து முடிப்பார்களாக.