சேற்றைக் கலக்காதீர்கள்

கடலடிச் சேற்றில் நைட்ரஜனின் போக்கை ஆராயப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு:

1. குழாயில் சேறு மேலே வந்ததும் அள்ளி டப்பியில் போட்டு டி.என்.ஏ. எடுக்கக் கை பரபரக்கும். வேண்டாம். குழாயை நிமிர்த்தி வைத்துப் பக்கவாட்டில் நிதானமாகப் பாருங்கள். மேலே மெல்லிய பழுப்புத் தோல், அதன்கீழ் சாம்பல், இன்னும் கீழே கறுப்பு. பழுப்பு என்பது துருவேறிய இரும்பு; கறுப்பு, இரும்பு சல்பைடு. எந்த நுண்ணுயிர் எந்த மட்டத்தில் பிழைக்கும் என்பதில் பாதியை அந்த நிறங்களே சொல்லிவிடும். கலக்கிய சேற்றில் பெயர்ப்பட்டியல் கிடைக்கும், அக்கம்பக்கம் தெரியாது. நமக்கு வேண்டியது அக்கம்பக்கம்தான்.

2. மில்லிமீட்டரில் யோசிக்கப் பழகுங்கள். கரையோரச் சேற்றில் ஆக்சிஜன் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அந்த இடுக்கில் ஒரு கூட்டம் அம்மோனியத்தை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்குகிறது. அந்த நைட்ரேட் கீழே கசிந்ததும், ஆக்சிஜன் இல்லாத இருட்டில் இருப்பவை அதைக்கொண்டு சுவாசித்து நைட்ரஜன் வாயுவாக வெளியே விடுகின்றன. அழுகும் பொருளிலிருந்து பிறக்கும் அம்மோனியம் கீழிருந்து மேலே ஏறுகிறது. ஒருவர் கழிவு அடுத்தவர் உணவு. தூரம் கூடினால் கொடுக்கல் வாங்கல் படுத்துவிடும்.

3. அனாமாக்ஸ் பாக்டீரியாவை மறக்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் சேர்த்து நைட்ரஜன் வாயு ஆக்கும் உயிர் இருக்கத்தான் வேண்டும் என்று எங்கல்பெர்ட் ப்ரோடா 1977-லேயே கணக்குப் போட்டுச் சொன்னார். கடலடிச் சேற்றில் அதைக் காட்டியவர்கள் தாம்ட்ரப்பும் டால்ஸ்கார்டும், 2002-இல். டென்மார்க்குக்கும் நார்வேக்கும் இடையிலுள்ள ஸ்காகெராக் கடலின் இரண்டு இடங்களில் வெளியான நைட்ரஜன் வாயுவில் 24, 67 சதவீதம் இவற்றின் வேலை. உணவு மிகுந்த விரிகுடாச் சேற்றிலோ பங்கு மிகச் சொற்பம். உணவு நிறைய இருந்தால் நைட்ரேட்டைச் சுவாசிப்பவை கொழிக்கின்றன. உணவு குறையக் குறைய, மெதுவாக வளரும் அனாமாக்ஸின் பங்கு கூடுகிறது. அதற்கு வேண்டிய நைட்ரைட்டும் பெரும்பாலும் நைட்ரேட்டைச் சுவாசிப்பவை பாதிவழியில் விட்டதுதான். ஆகவே இரண்டையும் போட்டியாளர்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

4. தயோப்ளோகாவை நுண்ணோக்கியில் ஒருமுறையாவது பாருங்கள். சிலி, பெரு கடற்கரைகளின் ஆக்சிஜன் வறண்ட அடித்தளத்தில் பாயாக விரிந்து கிடக்கும் இழை பாக்டீரியா இது. பல இழைகள் ஒரே பசையுறைக்குள் கற்றையாக இருக்கும். மேலே நகர்ந்து கடல்நீரின் நைட்ரேட்டை உறிஞ்சி, கடல்நீரில் உள்ளதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு செறிவில் உடம்புக்குள் நிரப்பிக்கொண்டு, சல்பைடு இருக்கும் ஆழத்துக்கு இறங்கும். அங்கே நைட்ரேட்டைச் செலவழித்து அம்மோனியத்தை வெளியே விடும். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவுக்கு அப்பால், சோலெடாட் பள்ளத்தில், அதே உறையில் அனாமாக்ஸ் ஒட்டுக்குடித்தனம் செய்வதை 2013-இல் வெளியிட்டார்கள். நைட்ரேட் தானாகக் கசிந்து எட்டமுடியாத ஆழத்தில் அனாமாக்ஸுக்குச் சாப்பாடு கிடைப்பது இப்படித்தான். எனக்கு இந்தச் சேற்றிலேயே மிகப் பிடித்த உறவு இது.

5. இதனால்தான் ஐசோடோப்புக் கணக்கில் எச்சரிக்கை வேண்டும். நைட்ரஜன்-15 கொண்ட நைட்ரேட்டைச் சேர்த்துவிட்டு வெளிவரும் வாயுவை எடைபிரித்துப் பார்ப்போம். நிறை 29 என்றால் அனாமாக்ஸ், 30 என்றால் நைட்ரேட் சுவாசம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். தயோப்ளோகா போன்றவை அந்த நைட்ரேட்டையே அம்மோனியமாக மாற்றிக் கொடுத்தால், அனாமாக்ஸிலிருந்தும் 30 வரும். இப்படி நைட்ரேட்டைச் சேமிப்பவை இருக்கும் சேற்றில் அம்மோனியத்தின் நைட்ரஜன்-15 அளவையும் பார்க்காமல் ஒரு சதவீதமும் எழுதாதீர்கள்.

6. புழு வளை குறுக்கே வந்தால் கெட்ட மாதிரி என்று தூக்கி எறியாதீர்கள். வளைச்சுவர் வழியே ஆக்சிஜன் ஆழத்துக்குப் போகிறது. மேல்பரப்பின் அடுக்கு முழுவதும் அங்கே உருளையாகச் சுற்றிக்கொள்கிறது.

7. சேற்றில் ஒரு வேலைக்கான மரபணு இருப்பது, அந்த வேலை நடக்கக்கூடும் என்பதற்கு மட்டும் சாட்சி.

8. நைட்ரஜன் கணக்கு உதைத்தால் பாக்டீரியாவுக்கு வெளியேயும் தேடுங்கள். ஸ்வீடனின் குல்மார் ஃபியோர்டுச் சேற்றில் வாழும் குளோபோபுலிமினா என்ற ஃபோராமினிஃபெரா, நைட்ரேட்டைச் சேமித்துவைத்து அதை நைட்ரஜன் வாயு ஆக்குகிறது என்று 2006-இல் தெரியவந்தது. அது பாக்டீரியாவே இல்லை, உட்கரு உள்ள ஒற்றைச்செல் உயிரி. சல்லடையில் தங்கும் அவற்றின் ஓடுகளைக் கொட்டுமுன் எண்ணி எழுதிவையுங்கள்.