மாவாகவே எடை போடுங்கள்

ஓசூர் சிப்காட்டில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கேஜும் மைக்ரோமீட்டருமாக என் வேலைக்காலம் கழிந்தது. இப்போது தெருப் பிள்ளைகள் டயட் என்று தொடங்கி, புதிதாக வாங்கிய டிஜிட்டல் தராசோடு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. முதல் வேலை, தராசைச் சோதிப்பது. பத்து ரூபாய் நாணயங்கள் பத்தை வையுங்கள். 77 கிராம் காட்ட வேண்டும். (கடைக்காரர் வாங்க மறுக்கும் நாணயத்துக்கு இப்படியாவது ஒரு வேலை கிடைக்கட்டும்.) அதையே தட்டின் நான்கு மூலைகளிலும் நகர்த்திப் பாருங்கள். மூலைக்கு ஒரு எண் காட்டினால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு வெறும் பாத்திரத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அதில் ஊற்றுங்கள். 1,000 கிராமுக்குப் பக்கத்தில் நின்றால் போதும்.

2. அடுப்புச் சூடு படாத, ஆடாத, சமமான இடத்தில் வையுங்கள்.

3. வேகவைத்ததை எடை போட்டுவிட்டு, வேகாத அரிசியின் கலோரியைப் பார்த்து எழுதாதீர்கள். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். 100 கிராம் அரிசி சோறாகும்போது தண்ணீரைக் குடித்து 250, 300 கிராம் ஆகிவிடும். குழைய வடித்தால் இன்னும் கூடும்.

நம் பக்கத்துக் களியில் இந்தக் குழப்பம் இரட்டிப்பு. அத்திப்பள்ளி தாண்டினால் முத்தெ, இங்கே களி; எந்தப் பெயரில் உருட்டினாலும் தண்ணீர் வீட்டுக்கு வீடு மாறும். அதனால் கிண்டுவதற்கு முன்பே மாவை எடை போடுங்கள். நொய் சேர்த்தால் அதையும் தனியாக எழுதுங்கள். வெறும் பானையின் எடையை முன்னாலேயே குறித்துவைத்து, கிண்டி முடித்ததும் பானையோடு எடை பாருங்கள். 400 கிராம் மாவு 1,200 கிராம் களியானால், 300 கிராம் உருண்டையில் இருப்பது 100 கிராம் மாவு. கிளறும்போதே கணக்குப் போட முயலாதீர்கள். களி கட்டி தட்டிவிடும்.

ராகி சாப்பிட்டால் உடம்பு ஏறாது என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் சுமார் 320 கலோரி, பச்சரிசியில் சுமார் 355. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் ராகியில் அதிகம்தான். அதற்காக மூன்றாவது உருண்டை கணக்கில் வராமல் போகாது.

4. மாவை டம்ளரால் அளக்காதீர்கள். சலித்த மாவு ஒரு எடை, அமுக்கி நிரப்பியது வேறு எடை.

5. எண்ணெயை ஊற்றிய பிறகு தேடாதீர்கள். எண்ணெய் பாட்டிலையே தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். வாணலியில் ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தால், கழித்தல் குறியோடு ஊற்றிய அளவு தெரியும். ஒரு மேசைக்கரண்டி கிட்டத்தட்ட 14 கிராம், 120 கலோரிக்கு மேல். தினம் பார்க்கப் பொறுமை இல்லையா, மாதக் கணக்கு போடுங்கள்: நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம். கலோரியில் 270. தட்டில் சோற்றை மட்டும் குறைத்துக்கொண்டிருப்பவருக்கு இந்த எண்ணைக் காட்டுவேன்.

உப்புக்கும் மாதக் கணக்குதான் சரி. ஒரு கிராம் படியில் காட்டும் தராசு சிட்டிகையை மதிக்காது. மெதுவாகத் தூவினால் சில தராசுகள் அதைப் பூஜ்ஜியமாகவே எடுத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. மேலே சொன்ன வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்பு தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது.

6. மாம்பழக் காலத்தில் முழுப் பழத்தை எடை போட்டுச் சாப்பிடுங்கள். பிறகு தோலையும் கொட்டையையும் எடை போட்டுக் கழியுங்கள்.

7. கேன்டீனுக்குத் தராசு கொண்டுபோக வேண்டாம். அங்கே பரிமாறும் கரண்டியின் அளவில் ஒன்றை வாங்கி, வீட்டில் ஒரு கரண்டி சோறு, ஒரு கரண்டி குழம்பு என்று எடை பார்த்துவையுங்கள். மதியத் தட்டில் எத்தனை கரண்டி விழுந்தது என்று எண்ணினால் போதும். நைட் ஷிஃப்ட் டீயை மறக்காதீர்கள். கண்ணாடி டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம், 40 கலோரி. நான்கு டீக்கு 160. கூட வரும் போண்டாவை நான் சேர்க்கவில்லை.

8. கீரை, வெள்ளரி, சுரைக்காய் இவற்றை எடை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நிலக்கடலை, தேங்காய், முந்திரி விஷயத்தில் மட்டும் கையளவை நம்பாதீர்கள்.

9. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கல்யாணப் பந்தியில் உட்காரவே பயம் வந்துவிட்டால், எடை போடுவதை நிறுத்திவிட்டு வீட்டில் யாரிடமாவது பேசுங்கள், டாக்டரையும் பாருங்கள்.

10. எடை பார்க்கும் முன் கண்ணால் ஒரு மதிப்புச் சொல்லிப் பழகுங்கள். சோற்றில் பத்து இருபது கிராமுக்குள் சரியாக வரத் தொடங்கியதும், வாரத்துக்கு ஒருநாள் தராசை எடுத்தால் போதும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள்; கசிந்தால் உள்ளே இருக்கும் பலகை போய்விடும்.