நல்லாத்தானே இருக்கேன்!

கொத்தனாருக்கு வயது 52. நல்ல உழைப்பாளி. காலையில் கரணையும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்.

ஒரு நாள் ஊரில் மருத்துவ முகாம் நடந்தது. செவிலியர் அவர் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். அட்டையில் 170/100 என்று எழுதினார். அடுத்த வாரமும் பார்த்தார். அப்போதும் குறையவில்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்தார்.

இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். பிறகு நிறுத்திவிட்டார்.

"ஏங்க, மாத்திரை தீர்ந்துபோச்சே. வாங்கலையா?" என்று மனைவி கேட்டார்.

"எதுக்கு? தலைவலி உண்டா, மயக்கம் உண்டா? நல்லாத்தானே இருக்கேன்!"

நான்கு மாதம் போனது. ஒரு நாள் காலை 6.30 மணி. திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் கையிலிருந்து நழுவியது. வலது கையைத் தூக்க முடியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சு குழறியது.

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

"காத்துக் கருப்பு பட்டிருக்கும். மந்திரிக்கணும்" என்றார் ஒருவர்.

"சோடா வாங்கிக் குடுங்க" என்றார் இன்னொருவர்.

அவருடைய மனைவி எழுத்தறிவு மையத்தில் படித்தவர். துணை சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளை அவர் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தார். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் அது பக்கவாதம். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். அது அவருக்கு நினைவுக்கு வந்தது.

"யாரும் ஒண்ணும் குடுக்காதீங்க. தொண்டையில அடைச்சுக்கும்" என்றார். 108-ஐக் கூப்பிட்டார். அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டார்.

மருத்துவமனையில், "எப்போது ஆரம்பித்தது?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஆறரை மணிக்குங்க. கடிகாரத்தைப் பார்த்தேன்."

உடனே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டி அடைத்திருந்தது. கட்டியைக் கரைக்க ஊசி போட்டார்கள். இந்த ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ, அவ்வளவு நல்லது.

மூளையில் என்ன நடந்தது?

மூளையின் எடை சுமார் 1.4 கிலோதான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது. அதை இரத்தம் கொண்டுபோகிறது.

வயலுக்குத் தண்ணீர் போகும் குழாயை நினைத்துப் பாருங்கள். அழுத்தம் அளவோடு இருந்தால் குழாய் நீடித்து உழைக்கும். அளவுக்கு மீறினால் கெட்டுப்போகும். இரத்தக் குழாயும் அப்படித்தான். அழுத்தம் பல வருடம் அதிகமாக இருந்தால் குழாய் தடித்து, சுருங்கி, அடைத்துக்கொள்ளும். சில நேரம் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசியும். இரண்டுமே பக்கவாதம்தான்.

இன்னொரு கெடுதலும் உண்டு. மூளைக்குள் முடியைவிட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அவை சத்தமில்லாமல் பழுதாகும். ஞாபகம் குறையும். யோசனை மந்தமாகும். "வயசாச்சு, மறதி" என்று நாம் விட்டுவிடுகிறோம். நடுவயதில் அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இவ்வளவு நடந்தாலும் பெரும்பாலோருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வலி இருக்காது. அளந்து பார்த்தால்தான் தெரியும். 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. 15 வதும் அதற்கு மேலும் ஆன ஆண்களில் 100-க்கு 24 பேருக்கும், பெண்களில் 100-க்கு 21 பேருக்கும் உயர் இரத்த அழுத்தம் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

● 30 வயதைத் தாண்டியவர்கள் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

● அளவை அட்டையில் எழுதி வாங்குங்கள். நீங்களே படியுங்கள். மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அதற்கு மேலும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

● மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவு குறைந்திருந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

● ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு சிறு கரண்டி உப்புக்குள் போதும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள்.

● பீடி, சிகரெட், புகையிலை, சாராயத்தை விடுங்கள்.

கொத்தனார் இப்போது நடக்கிறார். பேச்சும் தெளிந்துவிட்டது. ஆனால் வலது கையில் பழைய பிடி இல்லை. கரணை நழுவுகிறது. பூச்சு வேலையை மகன் செய்கிறான். அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்.

தினமும் காலையில் மாத்திரை போடுகிறார். மாதம் ஒரு முறை அளவு பார்க்கிறார். மனைவி அதை நோட்டில் எழுதுகிறார். போன மாதம் 128/82.

"நல்லாத்தானே இருக்கேன்?" என்று அவர் கேட்டார்.

"நோட்டு சொல்லட்டும்" என்றார் மனைவி.

பேசுவோம்

1. கொத்தனார் மாத்திரையை ஏன் நிறுத்தினார்? அது சரியா?

2. பக்கவாதத்தின் மூன்று அடையாளங்கள் எவை?

3. உங்கள் வீட்டில் யாருக்கெல்லாம் இரத்த அழுத்தம் பார்த்திருக்கிறீர்கள்? பெயரையும் அளவையும் எழுதுங்கள்.