காவலரைத் தடுக்கும் ஏற்பி

பெருங்குடலின் இறுதிப் பகுதி மலக்குடல் எனப்படும். ஆங்குப் புற்றுநோய் தோன்றின் அக்குடலை அறுத்து நீக்குவதே நெடுங்காலமாக மருத்துவர் கையாண்ட முறை. உயிர் பிழைப்பினும், வயிற்றில் துளையிட்டு மலத்தைப் பையில் ஏற்று வாழும் நிலை பலர்க்கு நேரும். கதிர் மருத்துவமோ மகளிரின் மகப்பேற்றையே கெடுக்கவல்லது. கத்தியின்றி இந்நோயை நீக்க வழியுண்டோ?

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் டி அணுக்கள் என்பன ஒருவகை. உடற்கு அயலானவற்றை இனங்கண்டு அழிப்பது அவற்றின் தொழில். காவலர் சினம் எல்லை கடப்பின் ஊர்க்கே கேடு அன்றோ? ஆதலின் அவ்வணுக்களின் மேற்புறத்திலேயே அவற்றை அடக்கும் ஏற்பி ஒன்று அமைந்துள்ளது. பி.டி.-1 என்பது அதன் பெயர். ஜப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோன்ஜோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1992-இல் அதனைக் கண்டனர். அணுக்களின் சாவுக்குக் காரணமாவது எனக் கருதியே அப்பெயரிட்டனர்! இவ்வேற்பியற்ற எலிகளின் உடலை அவற்றின் காவலணுக்களே தாக்கக் கண்ட பின்னரே, இஃது ஒரு தடை எனத் தெளிந்தனர். ஹோன்ஜோ 2018-இல் நோபல் பரிசு பெற்றார்.

புற்றணு இத்தடையைத் தனக்கு அரணாக்கிக் கொள்கிறது. தன்மீதுள்ள புரதம் ஒன்றை அவ்வேற்பியிற் பொருத்த, டி அணு செயலற்று நிற்கும். ஏற்பியை முன்னரே மூடிவிடும் மருந்தைக் குருதியிற் செலுத்தினால் காவலர் மீண்டும் தொழிற்படுவர்.

எனினும், குடற்புற்றுகளுட் பெரும்பாலானவை இம்மருந்துக்கு மசிவதில்லை. ஏனெனில், தடை நீங்கினும் பகைவனை அடையாளங் காணுதல் வேண்டுமே! ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழை செய்வது போல, அணு பிரியுங்கால் மரபுச் செய்தியிலும் பிழைகள் நேரும். அவற்றைத் திருத்தும் புரதங்கள் நம் அணுக்களில் உள்ளன. அவை பழுதுற்ற புற்றில் பிழை மலிந்து, அயற்புரதங்கள் பல தோன்றும். அத்தகைய புற்றையே டி அணு எளிதில் இனங்காணும்.

நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தார், இப்பழுதுடைய மலக்குடற் புற்றினர்க்கு டோஸ்டர்லிமாப் என்னும் மருந்தினை மூன்று வாரங்கட்கு ஒருமுறையாக ஆறு திங்கள் செலுத்தினர். 2022-இல் அறிவித்தபொழுது, மருந்தை முடித்த 12 பேர்க்கும் கட்டி மறைந்திருந்தது. 2025-இல் அவ்வெண் 49 ஆயிற்று. 49 பேரும் அறுவையின்றியே அந்நிலை எய்தினர்.

மலக்குடற் புற்றுற்றோருள் இப்பழுது உடையவர் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே. எஞ்சியோர்தம் புற்றினைக் காவலணுக்கட்குக் காட்டிக்கொடுக்கும் வழியை ஆராய்ச்சியாளர் இன்றும் தேடி வருகின்றனர்.